அழகிப் போட்டிக்குப் போன டிரைவிங் டீச்சர்

திருமணமான பெண்களுக்கான அழகிப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்ததும், "பூனை நடை நடக்கப் போறியா? பழக்கதோஷத்துல கியர் மாத்திடாதே!" என்று கணவன் சிரித்தான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கல்யாணமான புதிதில் அவன் காய்ச்சலில் துவண்டு கிடக்க, வாசலில் கார் நின்றும் ஓட்டத் தெரியாமல் கையைப் பிசைந்தாள். அந்த ரோஷத்தில் கற்றதுதான் ஓட்டுவது.

மேடையில், "ஜெயிச்சா என்ன செய்வீங்க?" என்று நடுவர் கேட்டார்.

"வெளியே போக இன்னொருத்தர் முகத்தையே பார்த்து நிக்கிற பொண்ணுங்களுக்கு ஓட்டச் சொல்லித் தருவேங்க. தோத்தாலும் அதேதான்."

கைதட்டல் அடங்க நேரமானது. ஆனாலும் கிரீடம் வேறொருத்திக்குப் போனது. இவளுக்கு மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஒப்பனையறையில் நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஜெயித்தவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குச் சைக்கிள்கூட வராது. சொல்லித் தருவீங்களா?"

"தாராளமா வாம்மா. கிரீடத்தை மட்டும் வீட்டுல வச்சுட்டு வா, கார்ல தலை இடிக்கும்."

திங்கட்கிழமை காலை ஜெயித்தவள் வந்தாள், கூடவே இரண்டு தோழிகளையும் அழைத்துக்கொண்டு.