பாதி வேகத்தை நம்பாதவர்

தைஸ்தோ யூலிகோஸ்கி எதையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. பால் பாக்கெட்டில் தேதி பார்த்த பிறகும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். பனி பெய்யும் என்று வானொலி சொன்னால், ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொப்பியைத் தேடுவார். ஆனால் கூரை விஷயத்தில் அவருடைய சந்தேகம் சும்மா வந்ததல்ல.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவர் வேறொரு ஊரில், பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் வேலை பார்த்தார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாலையானதும் விசிறிகளை நிறுத்திவிடச் சொன்னார்கள். நிறுத்தினார். ஈரக் காற்று கூரையில் தங்க, இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால், கூரைப் பலகைகளில் பாதி குளத்துக்குள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். நனைந்த ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, காலையில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் பாடம் இருந்தது. 

ஆகவே, போத்னியா வளைகுடாக் கரையிலுள்ள இந்தச் சிற்றூரில் அவர் இப்போது இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நீச்சல் மன்றத்துக்கு அனுக்கா வெஸ்டர்பாக்கா என்ற பெண் பொறியாளர் விசிறிகளின் வேகத்தை மாற்றும் இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகளோடு வந்தபோது, தைஸ்தோ கைகட்டி ஓரமாக நின்று பார்த்தார். ஒரு பெட்டி, காற்றை உள்ளே தள்ளும் விசிறிக்கு; அது கீழே இயந்திர அறையில். இன்னொன்று, ஈரக் காற்றை வெளியே இழுக்கும் விசிறிக்கு. அதைக் கூரைமேல் இருந்த சிறு அறையில் மாட்டினார்கள். ஈரம் கூடினால் விசிறி வேகமெடுக்கும், குறைந்தால் மெதுவாகும்.

"பாதி வேகம் போதும்னு வைங்க, கரண்டு எட்டுல ஒரு பங்குதான் ஆகும்" என்றாள் அனுக்கா.

"பாதி வேலைக்குப் பாதிக் கூலின்னு கேட்டிருக்கேன். எட்டுல ஒரு பங்குக்கு எவன் வேலை பாப்பான்?"

"எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே எப்படி மூச்சு வாங்குது? குறைச்சா அதே கணக்கு நமக்குச் சாதகமாத் திரும்பும்."

தைஸ்தோவுக்குத் தெரிந்து, இவ்வளவு சுலபமாகக் கிடைத்த எதுவும் நல்லதாக முடிந்ததில்லை.

மன்றத்தின் நீராவிக் குளியலறையான சௌனாவில் பேச்சு இன்னும் மோசமாக இருந்தது. மேல் பலகையில் உட்கார்ந்து சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உந்தோ, ஓய்வுபெற்ற தபால்காரர், தைஸ்தோவைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்னப்பா, உன் விசிறி செத்துப்போச்சா? சத்தத்தையே காணோம். கருமாதி எப்போ?"

"சாகல. மெதுவா ஓடுது."

"எங்க வீட்டுப் பூனையும் மெதுவாத்தான் ஓடுச்சு. மறுநாள் ஓடல."

எல்லோரும் சிரித்தார்கள். தைஸ்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் மன்றத்துக்குள் நுழைந்தாலே விசிறியின் இரைச்சல் நெஞ்சில் அதிரும். இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவதுகூடக் கேட்டது. காலையில் கதவு திறக்குமுன் வந்து ஜன்னல் ஓரங்களைத் தடவிப் பார்ப்பார். ஈரமில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

முதல் பனி விழுந்த வாரம், கீழே இருந்த பெட்டியின் குமிழைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்குத் திருப்பி, வேகத்தை முழுசாகக் கூட்டினார். பழைய இரைச்சல் திரும்பியது. அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகக் காப்பி குடித்தார். கூரைமேல் இருந்த பெட்டிக்குப் போகும் ஏணி பனிக்கட்டியாகிக் கிடந்தது. காய்ந்த காற்று உள்ளே தாராளமாக வந்தால் போதாதா என்று அதை விட்டுவிட்டார். அனுக்கா வரும்போதெல்லாம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு வருவாள். அவள் வருமுன் குமிழைப் பழையபடி வைத்துவிடுவார்.

மின்சாரச் செலவு அனுக்கா சொன்ன அளவுக்குக் குறையவில்லை. மன்றத்தின் பொறுப்பாளர் ரைலி அனுக்காவின் நிறுவனத்தைச் சந்தேகித்தார். அனுக்கா முதலில் மீட்டரைச் சந்தேகித்தாள், பிறகு தன் பெட்டிகளையே சந்தேகித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தைஸ்தோ. அதைச் சொல்லும்போது அவர் ரைலியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. குளத்துக்கும் வரவேற்பறைக்கும் நடுவிலிருந்த கதவு மூடவே மாட்டேன் என்றது. மூடினால் தானாகத் திறந்துகொண்டது.

"கீலைப் பாரு தைஸ்தோ. காப்பியிலகூட குளோரின் வாடை அடிக்குது" என்றார் ரைலி.

தைஸ்தோ கீலை மாற்றினார். கதவு மறுபடி திறந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, அனுக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அந்தக் கதவு அவள் முகத்துக்கு நேரே திறந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கிழித்துக் கதவிடுக்கில் பிடித்தாள். அது வரவேற்பறைப் பக்கம் படபடத்தது.

"குளத்துல காத்து ரொம்பி வழியுது. ஈரமான எடம் எப்பவும் காத்தைக் கொஞ்சம் உள்ளேதான் இழுக்கணும், வெளியே தள்ளக் கூடாது." அவள் தைஸ்தோவைப் பார்த்தாள். "பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்?"

யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. தான் அப்படிச் சொன்னபிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

"கூரைக்குள்ள பாக்கணும்" என்றாள் அனுக்கா. தைஸ்தோவே ஏணி கொண்டுவந்து, குளத்தின் ஆழமான பக்கத்துக்கு மேலே கூரைப் பலகை ஒன்றைக் கழற்றினார். கையை உள்ளே விட்டார். குளிர் தடுக்க அடைத்திருந்த பஞ்சு சொதசொதவென்று இருந்தது. அதற்கு மேலே உறைபனி விரலில் பட்டது.

"ஊறிப்போச்சு. உங்க பெட்டி பண்ண வேலை" என்றார், ஏணியிலிருந்தபடியே.

அனுக்காவின் குரல் உயரவில்லை. "உள்ளே தள்றது முழு வேகத்துல ஓடி, வெளியே இழுக்கறது பாதி வேகத்துல ஓடினா, மிச்சக் காத்து எங்கே போகும்? ஓட்டை கிடைச்ச எடத்துல எல்லாம் நுழையும். ஈரத்தையும் கூடவே கொண்டுபோகும். அதைத்தான் கேக்கறேன்."

தைஸ்தோ ஏணியிலேயே நின்றார். கீழே சிறுமிகள் நீச்சல் தொப்பிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எந்தக் கூரை விழக் கூடாது என்று அவர் இத்தனை நாள் காவல் காத்தாரோ, அதைத் தன் கையாலேயே நனைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டுப் போ, ரைலி. முழு வேகத்துல வெச்சது நான்தான்."

"எப்போலேருந்து?"

"பனி விழுந்ததுலேருந்து."

ரைலி கைதட்டிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார். அன்றே குளத்தை மூடி, கூரையைப் பிரித்து, நனைந்த பஞ்சையெல்லாம் அள்ளினார்கள். ஊரில் பாதிப் பேர் கோடை வரை அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. வேலை போகவில்லை. இயந்திர அறையின் சாவியை மட்டும் ரைலி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அது தைஸ்தோவுக்கு வேலை போவதைவிடப் பெரிதாக வலித்தது.

இலையுதிர்காலத்தில் சாவி திரும்பிக் கிடைத்தது. ஆனால் பெட்டிகளின்மேல் அனுக்கா பூட்டுப் போட்டிருந்தாள். அவ்வருஷம் மின்சாரச் செலவு அவள் சொன்னபடியே இறங்கியது.

அடுத்த ஜனவரியில் அவள் மறுபடி சொல்லாமல் வந்தாள். முதலில் நேராகப் பூட்டைப் போய்ப் பார்த்தாள். பிறகுதான் வணக்கம் சொன்னாள். தைஸ்தோ அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

"கூரை எப்படி இருக்கு?"

"காய்ஞ்சிருக்கு. நான் சொன்னா நீ நம்பவா போறே? ஏறிப் பாரு."

அவள் ஏறினாள். தைஸ்தோ இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.