எல்லாருக்கும் திறந்திருந்த வரைபடம்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிக்காரியும் நானும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். மழை வந்தால் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும், எங்கே பள்ளம், எங்கே தெருவிளக்கு எரியாது என்று காட்டும் வரைபடம் ஒன்றை இணையத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஹாஸ்டல் பெண்களும் ஆட்டோக்காரர்களும் தகவல் அனுப்புவார்கள். நான் ஸ்கூட்டரில் போய்ச் சரிபார்த்துச் சொல்வேன், அவள் ஏற்றுவாள்.

எனக்குக் குழந்தை பிறந்ததும் முழு வேலையும் அவள் தலையில் விழுந்தது. வேறு யாரும் கை கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் தனியாகவே ஓட்டினாள். அப்போதுதான் பஸ் ஓட்டும் கம்பெனி ஒன்று அவளுக்குச் சென்னையில் வேலை தருவதாகச் சொன்னது. வரைபடத்தையும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது இதைச் சொன்னாள்.

"இன்னாடி இது? அதெல்லாம் அந்தப் பொண்ணுங்க அனுப்பினதுடி" என்றேன்.

"தெரியும்ளா. அனுப்புனவங்க யாரும் பாத்துக்கிட வரலயே. கம்பெனி லைன்ல எட்டு மணி நேரம் நின்னு வேல பாத்துட்டு வந்து நான் ஒருத்தி எத்தன நாளைக்குப் பாப்பேன்? கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் போன அன்று "சித்தி, சித்தி" என்று என் மகள் அழுதாள். நான் குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு வரைபடம் திறக்கவில்லை. அந்தக் கம்பெனி வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வந்தது. ஹாஸ்டல் பெண் ஒருத்தி போன் செய்தாள்.

"அக்கா, பென்னலூர் வழியா போலாமா?"

"தெரியலையேம்மா" என்றேன்.

அவள் அந்த வழியாகவே போய், தண்ணீருக்கடியில் தெரியாத பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "முன்னாடி எங்க ரூம்ல இருந்த அக்கா அந்தப் பள்ளத்த அப்பவே உங்க மேப்புக்கு அனுப்பிச்சிருக்காங்க. இப்பதான் சொன்னாங்க" என்றாள்.

திருநெல்வேலிக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். "மேப்ப முன்னயே கேட்டுப் பாத்துட்டேன்ளா, திருப்பித் தர மாட்டாங்களாம்" என்றாள்.

இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஐந்து பெண்கள் முறை வைத்துப் பார்க்கிறோம், பாஸ்வேர்டு ஐந்து பேரிடமும் இருக்கிறது. இதில் சேரக்கூடாது என்று அந்தக் கம்பெனியோடு அவளுக்கு ஒப்பந்தம். ஏதாவது புரியாமல் முழிக்கும்போது அவள் நம்பர் வரைக்கும் விரல் போகும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.