ஒரு மாத்திரைக்கு எட்டுப் பொட்டலம்

ஆஸ்பத்திரியில் மருந்து மடித்துக் கொடுக்கும் அந்தப் பெண் எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய ஒரு துண்டை வைத்திருந்தாள். அதைச் சேலைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, பொடியை வெள்ளைத் தாளில் நீளமாக இழுத்தாள். நடுவில் வெட்டி இரண்டாக்கினாள். இரண்டை நான்காக்கினாள், நான்கை எட்டாக்கினாள். எட்டுத் தாள்களில் வழித்துப் போட்டு மடித்து என் மகள் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எல்லாம் கண் மதிப்பு.

அந்தப் பொடி என் பேத்தியின் இதயத்துக்கு. பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. திடீர் திடீரென்று துடிப்பு எகிறிவிடும். பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்து, எட்டில் ஒரு பங்கு காலையில், ஒரு பங்கு மாலையில், தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். குறைந்தால் துடிப்பு எகிறும், கூடினால் அடங்கிப்போகும், இரண்டுமே ஆபத்து என்று டாக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சேலையில் துடைத்த பிலிம் துண்டை நம்பி எங்களை அனுப்பிவைத்தார்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரட்டைத் தட்டுத் தராசுகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவன். எடைக்கல்லை விரலால் தொட்ட மாணவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் எடைதான். இப்படிப்பட்டவன் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து பொட்டலங்களைப் பிரித்து வரிசையாக வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒன்று கொழுத்திருந்தது, ஒன்று இளைத்திருந்தது. இது மருந்தா, மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளும் உப்பா என்று மகளிடம் கேட்டேன். அந்த அக்கா நிறையக் குழந்தைகளுக்கு இப்படித்தான் மடித்துக் கொடுக்கிறார்களாம் என்றாள். நிறையப் பேருக்குச் செய்கிற தப்பு சரியாகிவிடுமா என்று சத்தம் போட்டேன். இனி மாத்திரையை முழுதாக வாங்கி வீட்டிலேயே பொடித்து, நல்ல தராசு வைத்து நானே அளக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். அறிவித்தேன் என்ற சொல்தான் சரி. வீட்டில் நான் அப்படித்தான் பேசுவேன்.

ஒரு மாத்திரை நூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம். எட்டில் ஒரு பங்கு பதினான்கு. பதினான்கை நம்பகமாகக் காட்டும் தராசு வேண்டும். நேரு வீதியில் ஒரு கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். தன் மோதிரத்தையே கழற்றி அதில் போட்டார், ஒரு எண் வந்தது. எடுத்து மறுபடி போட்டார், வேறு எண் வந்தது. கூச்சமே இல்லாமல் மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "இது போதும் சார், யார் பாக்கப்போறா" என்றார். இன்னொரு கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவே விடவில்லை. பிரித்தால் வாங்கியாக வேண்டுமாம். வேறொருவன் எடைக்கற்களையும் தராசையும் ஈரக்கையால் எடுத்து நீட்டினான். வெயிலில் நடந்த மூன்று நாளும் இந்த ஊரில் ஒரு பயலுக்காவது சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

பிறகு ஆன்லைனில் தேடினேன். அங்கே கருத்துச் சொல்லியிருந்தவர்களைப் படித்ததும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பேக்கிங் சூப்பர் என்கிறான் ஒருவன். இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை, ஐந்து நட்சத்திரம் என்கிறாள் ஒருத்தி. நிறம் போட்டோவில் உள்ளதுபோல் இல்லை என்று ஒருவனுக்கு வருத்தம். தராசு எடையைச் சரியாகக் காட்டுகிறதா என்று ஒருவரும் சொல்லவில்லை. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் காட்டும் ஒன்றை, கண்ணாடி மூடியோடு, அரை மனதாக வரவழைத்தேன்.

வந்ததும் சோதித்தேன். சோதனை என்றால் என் சோதனை. பழைய கல்லூரி நண்பரிடமிருந்து அலுமினியத் தகடு எடைகள் உள்ள பெட்டியை இரவல் வாங்கினேன். இடுக்கியால் எடுத்துப் பத்து மில்லிகிராம் வைத்தேன், பத்து காட்டியது. இருபது, ஐம்பது, நூறு, எல்லாம் சரி. காலையிலும் சரி, மதியமும் சரி. மேசைக்கால் ஆடியது, அட்டை மடித்து வைத்தேன். மின்விசிறிக் காற்றில் எண் நடுங்கியது, விசிறியை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். மே மாதத்துப் புதுச்சேரியில் விசிறியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த மனுஷன் மருந்து அளந்து முடிக்கறதுக்குள்ள நாம வெந்து எறங்கிடுவோம்" என்று என் மனைவி முனகினாள். நான் காதில் வாங்கவில்லை.

அளக்கும் முறையும் என்னுடையதே. தாளைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவேன். இன்னொரு தாளை மடித்து அதில் பொடியை எடுத்து, ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டுவேன். ஒரு தட்டுக்குச் சில துகள்கள். அவசரப்பட மாட்டேன். ஒரு பொட்டலத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். பதினான்கு வந்ததும் மகளிடம் கொடுப்பேன், அவள் மடிப்பாள். எக்ஸ்ரே பிலிம்காரி இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ மகள் பொட்டலங்களை எண்ணிவிட்டுச் சொன்னாள்: "ஒரு மாத்திரைக்கு எட்டு வரணுமேப்பா. அஞ்சுதான் வருது."

மாத்திரை பொடிக்கும் கல்வத்தில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது என்றேன். கடற்காற்று ஈரத்தில் பொடி பிசுபிசுத்துத் தாளிலும் ஒட்டிக்கொள்கிறது என்றேன். அடுத்த நாள் வழவழப்பான புதுக் கல்வம் ஒன்று வாங்கிவந்தேன். அதிலும் ஐந்துதான் வந்தது. அவள் மறுபடி வாயெடுத்தாள். "தராசு பொய் சொல்லாது. உனக்கு என்ன தெரியும்" என்று அடக்கினேன். அவள் பி.காம். படித்தவள். எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரிவதற்கு அதுவே அதிகம்.

குழந்தை அதிகமாகத் தூங்கத் தொடங்கியது. பால் குடிக்க வைத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டு அப்படியே கண் மூடிக்கொள்ளும். கையும் காலும் சில்லென்று இருந்தன. துடிப்பு அடங்கியிருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்தாம் நாள் காலையில் உதடு நீலம் பாரித்துவிட்டது. மகள் செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். நான் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டினார்கள். திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா திரும்பாமலே கேட்டார், ஒரு மாத்திரையை எத்தனை பொட்டலம் போடுகிறீர்கள் என்று. மகள் ஐந்து என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எட்டுன்னுதான எழுதியிருக்கேன். யாரு அளந்தது?"

நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கே உறுதியில்லை. அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"நான்தான் டாக்டர்."

அதன்பிறகு அவர் அவளைத் திட்டிய திட்டை நான் எழுதப் போவதில்லை. படித்த பெண்தானே, எட்டு வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தால் சந்தேகம் வராதா என்று கேட்டார். நான் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மகள் தலை குனிந்து நின்றாள்.

மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தவன் நேராகத் தராசிடம்தான் போனேன். அலுமினியத் தகட்டை வைத்தேன். பத்து. அதே பத்தை இறக்கிவிட்டு, மீதமிருந்த பொடியை என் வழக்கப்படி தட்டினேன். ஒரு தட்டு, பூஜ்யம். இரண்டு தட்டு, பூஜ்யம். தாளில் பொடி கண்ணுக்குத் தெரிகிறது, எண் அசையவில்லை. பிறகு ஒரு சிட்டிகையை ஒரேயடியாகப் போட்டேன், உடனே எண் ஏறியது. அப்போதுதான் விளங்கியது. காற்றில் எண் நடுங்கக்கூடாது என்பதற்காக, மிகச் சிறிய மாற்றம் எதுவானாலும் அதைக் காற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத்தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். எடைக்கல்லை மொத்தமாக வைத்தால் சரியாகச் சொல்லும். துகள் துகளாகப் போட்டால் விழுங்கிவிடும். எவ்வளவு பொறுமையாகப் போடுகிறோமோ அவ்வளவு விழுங்கும். கடையில் மோதிரத்தைப் போட்ட அந்த ஆள் அளந்திருந்தால்கூடக் குழந்தைக்கு இவ்வளவு மருந்து போயிருக்காது. பிலிம் துண்டுக்காரியின் பங்கு ஒன்று கூடும், ஒன்று குறையும், ஆனால் எட்டும் சேர்ந்தால் ஒரு மாத்திரைதான். அதற்குமேல் அவளால் தப்புச் செய்யவே முடியாது.

அந்தத் தராசைத் தரையில் அடித்து உடைத்தேன். உடைத்ததும் ஆத்திரம் போகவில்லை. அது செய்து வைத்தபடி நடந்த ஒரு பொருள். ஐந்து பொட்டலங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தராசுதான் சரி என்று சாதித்தது நான். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எந்தத் தண்ணீர் ஊற்றியும் கழுவ முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு துணிப்பையோடு கிளம்பினேன்.

போனபோது மருந்தை நிறுத்தியதில் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வார்டில் இருந்த நர்சுகள்கூடச் சிரித்தார்கள். மகள் பால் கொடுத்தாள், நிறுத்தாமல் குடித்தது. உயிர் தப்பியது.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவருக்கு ஓசூரில் வேலை. செய்தி கேட்டு பஸ் பிடித்து, மாறி மாறி வந்திருந்தார். தராசு வாங்கியதெல்லாம் அவருக்குத் தெரியாது, போனில் குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கே அவருக்கு நேரம் போதாது. குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் சொன்னதை ஏற்கெனவே வெளியில் கேட்டுவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது. சத்தம் போடவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு என் மகளிடம் கேட்டார்.

"உங்கப்பா லேப்ல இருந்தவரு. அவருகிட்ட குடுத்து அளக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் குழந்தையின் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். அதற்குப் பதிலாக மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தேன்.

"விடுங்க மாப்ள. தெரியாம செஞ்சிட்டா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். இனிமேல் மருந்தை மாமாவே அளக்கட்டும் என்று அவளிடம் சொன்னார். நான் சரி என்றேன்.