குடும்பத்தில் எத்தனை பேர்?

இந்த நாட்டில் தகப்பனின் சம்பளம் மகளுக்குத் தெரிவதில் யாருக்கும் கூச்சமில்லை. சென்ற வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு, கல்லூரிச் செலவுக்குப் பெற்றோரையும் பிள்ளைகளையும் தயார் செய்யும் கூட்டம் என்று என் மகள் மீனாவின் பள்ளியில் அழைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அமெரிக்கா வந்த பதினோரு வருஷமாக அவளிடம் சொல்லாத தொகையை உதவிப் படிவத்தின் கட்டத்துக்குள் எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அடுத்த கட்டம், குடும்பத்தில் எத்தனை பேர். ஆறு என்று எழுதி, கீழே பெயர்களையும் வரிசையாக எழுதினேன். இங்கே நான், மனைவி, மீனா. சங்கரன்கோவிலில் அப்பா, கணவனை இழந்த தங்கை கோமதி, அவள் மகள் சங்கரி. சங்கரிக்கும் இந்த வருஷம்தான் பாளையங்கோட்டையில் கல்லூரி. மாதம் முதல் தேதி நான் அனுப்பும் டிராஃப்டில்தான் அந்த வீடு நடக்கிறது. படிவங்களைச் சரிபார்த்து வந்த பெண்மணி அந்த எண்ணில் விரலை வைத்தார்.

"இவர்கள் எல்லோரும் உங்களோடு வசிக்கிறார்களா?"

"இல்லை. ஆனால் என் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்."

"உணவுப் பார்சல் அனுப்புகிறீர்களா? நல்ல மனது" என்று சிரித்தபடியே மூன்று பெயர்களை அடித்து, ஆறை மூன்றாக்கினார். ஆள் குறைந்தால் உதவியும் குறையும். என் தகப்பனாரை அடிக்க அவருக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது.

பி.யு.சி. முடித்த வருஷம் நானும் இப்படி ஒரு படிவத்தோடு நின்றவன். அப்போது மேலநீலிதநல்லூரில் இருந்தோம். மானாவாரிப் பருத்தி இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்டு அப்பாவோடு ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போனேன்.

"ஏலே, வீட்டுல அடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

"அப்போ ஒன் சித்தப்பன் சம்பளத்தையும் சேத்துல்லா எழுதணும்."

சித்தப்பா பஞ்சுமில்லில் எழுத்தர். அவருக்கே நான்கு பிள்ளைகள். கர்ணம் அப்பாவிடம் வழியும் சொன்னார்: "பொறவாசல்ல மூணு கல்லக் கூட்டி ஒரு பானைய வச்சிரும் வே. ரெண்டு அடுப்புன்னு எழுதிருதேன்."

"எந்தம்பிக்குத் தனியாப் பொங்கச் சொல்லுதீரா? அந்தத் துட்டு எனக்கு வேண்டாம்" என்று அப்பா எழுந்துவிட்டார். சித்தப்பா சைக்கிளை விற்று என் முதல் தவணையைக் கட்டினார்.

அங்கே குடும்பத்தைப் பெரிதாக்கிக் கையை விரித்தார்கள். இங்கே சிறிதாக்கி விரிக்கிறார்கள். பிள்ளை பிறந்த அன்றே சேமிப்பைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கூட்டத்தில் மூன்று முறை சொன்னார்கள். மீனா கைக்குழந்தையாக இருந்தபோது நான் சித்தப்பா பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

சனிக்கிழமை கோமதியின் கடிதம் வந்தது. "அண்ணே, சங்கரிக்கு உதவித்தொகை இல்லைன்னுட்டாவ. தாய்மாமன் அமெரிக்காவுல இருக்காருல்லா, ஒங்களுக்கு எதுக்கும்மான்னு ஆபீஸ்ல கேக்காவ. நீங்க எங்க குடும்பத்துல சேர்த்தி இல்லைன்னு முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தா, மறுபடி பாப்பாவளாம். இல்லைன்னா அவள நிறுத்திர வேண்டியதுதான். கோவிச்சுக்கிடாதீங்க."

இந்த ஊர் அழித்த அதே உறவை அந்த ஊர் ஆதாரமாகக் காட்டுகிறது. இரண்டு பெண்களின் கட்டணத்தையும் என் சம்பளம் தாங்குமா என்று இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். தாங்காது. ஞாயிறன்று மீனாதான் அந்த உறுதிமொழியைத் தட்டச்சு செய்தாள். "கோமதி அத்தை நம்ம குடும்பம் இல்லையாப்பா?" என்றாள். எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்றேன்.

திங்கள் பகல் பதினொன்றரைக்கு நோட்டரி, வலது கையை உயர்த்தச் சொல்லி, எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். முத்திரை குத்திவிட்டுத் தன் பதிவேட்டைத் திருப்பினார். அதில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது.

"இந்தக் கோமதி உங்களுக்கு என்ன உறவு?"

"தங்கை."

அவர் எழுதி முடித்து நிமிர்ந்து, இனிக் கையை இறக்கலாம் என்றார்.