மாடியறையில் பனி

மெத்தையின் மேல் விரிப்பைப் போடுவதற்கு முன்னால் அவர் ஒருமுறை அதில் மல்லாந்து படுப்பார். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, கண்களைத் திறந்தபடி, ஐந்து நிமிடம். வரப்போகிற விருந்தாளி படுத்தால் ஓட்டு இடுக்கிலிருந்து வெளிச்சம் முகத்தில் விழுமா, எந்தப் பக்கத்திலிருந்து மிளகு நெடி வரும் என்று பார்ப்பதற்காம். மட்டாஞ்சேரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்துவிட்டேன். கம்பெனிக் கட்டிலில் வேலைக்காரி படுத்திருக்கிறாள் என்று உடனே ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயாரித்துக் கையெழுத்து வாங்கினேன். எனக்கு ஊரே இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. ஆனால் கடிதம் தயாரிப்பதில் பிறவியிலேயே நல்ல கை.

ஐம்பதுகளின் கடைசி அது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. கீழே சரக்கு வைக்கும் கிட்டங்கி, நடுவில் அலுவலகம், மாடியில் வெளியூர் வியாபாரிகள் தங்க ஓர் அறை. திருநெல்வேலியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆறு மாதம் தகுதி பார்த்து நிரந்தரமாக்குவோம் என்ற நிபந்தனையோடு நிர்வாக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். மாடியறையும் என் பொறுப்பு. அதைப் பராமரித்தவர் கொச்சங்காடியிலிருந்து நடந்து வரும் விதவை; நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் இத்தா. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு வழங்கும் சொல் அது. நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கோப்பில் ‘அவள்’ என்று எழுதினேன். இப்போது எழுதும் ‘அவர்’ பிற்காலத்து மரியாதை. செலவில்லாதது.

வேலையில் அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. கொச்சி மழையில் துணி காயாது. காய்ந்தாலும் பூசண வாடை போகாது. அவர் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரிப்புகளைப் பரப்பி, அடியில் தணலும் சாம்பிராணியும் வைத்து உலர்த்துவார். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணங்கள். கிட்டங்கித் தூசி மேலேறி விருந்தாளி தும்மாமலிருக்க வாசற்படியில் ஈரச் சாக்கு. கொசுவலையின் ஓட்டைகளை விளக்கைப் பின்னால் பிடித்துத் தேடித் தைப்பார். முதல் நாள் என்னிடம், “சாரே, வெள்ளம் வேணோ?” என்று கேட்டபோது நான் ஜன்னல் வழியே காயலைப் பார்த்தேன். “குடிக்கான், சாரே, குடிக்கான்!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெள்ளம் என்றால் தண்ணீர். அந்த ஒரு சொல்லைக் கற்றதும் மலையாளம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த அறைக்கு விதிகள் எழுதினேன். அவற்றில் ஏழாவது: விருந்தினர் அழைக்காமல் அலுவலர் எவரும் அறைக்குள் செல்லக் கூடாது. நல்ல விதி. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

ஜூலை மாதம், விருதுநகரிலிருந்து ஒரு வயதான வியாபாரி மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். மறுநாள் காலை இத்தா படியிறங்கி வந்து என் மேசை முன் நின்றார். மாடியில் தங்கும் எந்த வியாபாரியும் அவருக்கு மொதலாளிதான்.

“சாரே, மேலெயுள்ள மொதலாளிக்கு நல்ல பனி.”

“பனியா? கொச்சியிலேயா?”

“ஓ, நல்ல பனி. விறைக்குண்டு.”

“விறைக்கத்தான் செய்யும். வெயில்லயே வளர்ந்த ஊர்க்காரர். இன்னொரு கம்பளி குடு. ஜன்னலைச் சாத்து.”

அவர் நகரவில்லை. “சாரொண்ணு வந்து நோக்கணும்” என்றார்.

“அவர் என்னைக் கூப்பிட்டாரா?”

இல்லையென்று தலையை ஆட்டினார். ஏழாவது விதியை நான் அவருக்கு நினைவூட்டினேன்.

பிற்பகலில் மறுபடியும் வந்தார். “பனி கூடி, சாரே.” கொசுவலையைத் தைக்கிற அந்தக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அறைக்குள் தணல் சட்டி வைத்துச் சூடாக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, விருந்தோம்பலில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது என்ற திருப்தியோடு சாயா குடித்தேன்.

அடுத்த நாள் காலை அவர் அலறிக்கொண்டு ஓடிவந்தபோதுதான் மேலே போனேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன; உள்ளே அடுப்படி போலப் புழுங்கியது. இரண்டு கம்பளிகளுக்கு அடியில் அந்த மனிதர் நினைவில்லாமல் கிடந்தார். எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நண்பகலுக்கு முன்பே முடிந்துவிட்டது. “நேற்றே கொண்டுவந்திருக்கலாமே” என்றார் டாக்டர். விருதுநகருக்குத் தந்தி போனது. மகன்கள் வருவதற்குள் நடந்ததை எழுதித் தரும்படி முதலாளி என்னிடம் சொன்னார்.

பாதி தட்டச்சு செய்திருப்பேன். எடைபோடுகிற ராவுத்தர் என் மேசையருகே வந்து நின்றார். பாலக்காட்டுக்காரர், எங்களுடன் தமிழ் பேசுவார்.

“என்ன சார், பனி பிடிச்சு இப்படி மரிச்சுப் போயிட்டாரே!”

“பனியில யாராவது சாவாங்களா, ராவுத்தரே?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “காய்ச்சல்ல சாகாம பின்னே? பனின்னா இங்கே காய்ச்சல் சார். மூணு மாசமா எங்க சாயாவைக் குடிக்கிறீங்க, நாலு வார்த்தை படிச்சிருக்கக் கூடாதா?”

சொல்லிவிட்டு அவர் தராசுக்குப் போய்விட்டார். இயந்திரத்தில் காகிதம் அப்படியே நின்றது. ‘விருந்தினருக்குக் காய்ச்சல் இருந்ததை அறைப் பணியாளர் தெரிவிக்கவில்லை’ என்ற வாக்கியத்தை, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று சொன்னதை வைத்து, ஏற்கெனவே அடித்திருந்தேன். அடித்தபோது அதை நம்பினேன். இப்போது காகிதத்தை உருவிக் கிழிக்க வேண்டியதுதான் பாக்கி. கிழித்தால், இரண்டு முறை சொல்லியும் புரிந்துகொள்ளாதவன், புரியவில்லை என்பதே தெரியாதவன் என்று என் கையாலேயே எழுத வேண்டும். என் ஆறு மாதத்தில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. காய்ச்சல் என்ற சொல்லை இத்தா உச்சரிக்கவே இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். ‘கட்டிலில் படுத்ததற்காக இவள் முன்பே எச்சரிக்கப்பட்டவள்’ என்று அடுத்த வரியைச் சேர்த்தேன். அறிக்கை முதலாளிக்குப் பிடித்திருந்தது. இத்தாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டு பெண் பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் தாயும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். பணியாளர் விவரப் படிவத்தை நிரப்பியவன் நான்தானே.

நான் நிரந்தரமானேன். படிப்படியாக உயர்ந்து, விதிகள் தெரிந்தவன் என்ற நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். இப்போது மகன் கட்டிய வீட்டில் விருந்தாளிகளுக்கென்றே குளிர்சாதனம் வைத்த அறை ஒன்று இருக்கிறது. யாராவது தங்கினால் விடிந்ததும் கதவைத் தட்டி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். முடிந்தால் நெற்றியைத் தொட்டும் பார்க்கிறேன். “வந்தவங்களைத் தூங்க விடுங்க மாமா” என்கிறாள் மருமகள். இதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

நீக்கப்பட்ட மறுநாள் காலை இத்தா மாடியறைச் சாவியை ஒப்படைக்க வந்தார். அன்றும் நேரத்துக்கு வந்தார். நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு கோபமே இல்லாமல், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்பவர் போல, இரண்டு தடவை சொன்னேன் அல்லவா என்று கேட்டார்:

“சாரே, ஞான் பறஞ்ஞதல்லே? ரண்டு வட்டம் பறஞ்ஞில்லே?”

“எனிக்கு மனஸ்ஸிலாயில்ல” என்றேன். எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அதற்குள் அவ்வளவு மலையாளம் சேர்த்திருந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்போ மனஸ்ஸிலாயோ? எங்கில் மொதலாளியோடு ஒண்ணு பறயாமோ?” இப்போது புரிந்துவிட்டதல்லவா, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார். பத்தடி தள்ளி முதலாளியின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

“இல்ல” என்றேன்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான்.