சோறு இல்லாத வடக்கு

வெண்ணெய் உருகும் வாசனையோடு கலந்து ஏலக்காய் வாசனை வந்தபோது, காரின் பின் இருக்கையில் அரைத் தூக்கத்தில் கிடந்த நான், யாரோ பாயசம் காய்ச்சுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் மரம் ஒன்றுகூட இல்லாத வெறும் மேட்டுநிலம், ஒரு பெட்ரோல் பம்ப், அதை ஒட்டினாற்போல் ஒரு சின்னக் கடை. நோர்வேயின் வடகோடியில், பக்கத்து வீட்டுக்குப் போகவே கார் வேண்டிய ஒரு பிரதேசத்தில், தொப்பி போட்ட ஒரு கிழவர் இரும்பு அச்சில் மாவை ஊற்றி "வாஃபல்" சுட்டுக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்துவிட்டு, "ஏலக்காய் போட்டிருக்கினம்," என்றார். பல வாரங்களாகச் சாப்பாட்டைப் பற்றித் தானாக ஒரு சொல்லும் சொல்லாதிருந்த அம்மா அன்று இதைச் சொன்னதும், அப்பா காரை நிறுத்திய வேகத்தில் என் தலை முன் இருக்கையில் இடித்தது.

அது 2009ஆம் ஆண்டுக் கோடை. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு சுவிஸில், பேர்ணில். அப்பா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார்; அம்மா முதியோர் இல்லம் ஒன்றில். அந்த வைகாசியில் இலங்கையில், வன்னியில், போர் முடிந்தபோது, அங்கே இருந்த அம்மாவின் தம்பியிடமிருந்து, அதாவது என் மாமாவிடமிருந்து, தொலைபேசி வருவது நின்றது. அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, தம்பியின் குரலைக் கேட்கும்வரை சோறு தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். எங்கள் ஆட்களின் வீட்டில் சோற்றை விட்டால் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? அரிசிமாவும் சேர்த்தி என்பதால் புட்டு போயிற்று, இடியப்பம் போயிற்று, தோசையும் போயிற்று. பேக்கரிப் பாணும் வெறுந்தேத்தண்ணியும்தான் மிச்சம்.

நேர்த்தியைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் நாங்கள் சோற்றோடு மேசையில் உட்காரும்போதெல்லாம் அம்மா, "நான் பிறகு சாப்பிடுறன்," என்று எழுந்துவிடுவார், அந்தப் பிறகு வரவே வராது. அப்பா ஒருநாள் எங்களுக்கும் சேர்த்து மக்ரோனி அவித்து வைத்தார். "பிள்ளை ஏன் என்ரை நேர்த்திக்குப் பட்டினி கிடக்கவேணும்?" என்று கோபித்துக்கொண்டு அம்மா தானே எனக்குச் சோறு வடித்தார். கையிலிருந்த காப்பு முழங்கை வரைக்கும் போய் வந்தது. வைத்தியரும் எச்சரித்துவிட்டார்.

இதில் எனக்கு விளங்காத ஒன்றும் இருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நோர்வேயின் வடகரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாலையானால் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கதைப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கிற வழக்கமான கேள்வி முதலில் வரும்: "இண்டைக்கு என்ன கறி?" காலையிலிருந்து ஒரு துண்டுப் பாண் மட்டும் தின்ற அம்மா, "சோறும் மீன் குழம்பும், பருப்பும்," என்று கூசாமல் சொல்வார். பிறகு, "அக்கா கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சவவாம். நல்லாச் சாப்பிடுறா," என்று அப்பாவிடம் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

பள்ளி விடுமுறை வந்ததும் அப்பா, காரிலேயே பெரியம்மாவிடம் போவோம் என்றார். பாரிஸ் போனாலும் லண்டன் போனாலும் எங்களோடு கூடவே வருவது ரைஸ் குக்கர்தான். தங்குமிடத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து, வாசனை நடைப்பக்கம் போய்விடாதபடி கதவுக்கடியில் துவாய் அடைத்துச் சோறு ஆக்குகிற குடும்பம் நாங்கள். அந்தத் தடவை அப்பா அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார். "அது கிடக்கட்டும். பாரம்," என்றார். பூனைக்குட்டி அளவு பாரம்கூட இல்லாத சாமான் அது. சோறு இல்லாமல் நான் எப்படி உயிர் வாழ்வேன் என்று ஜெர்மனி முடியும்வரை மூக்கால் அழுதேன்.

ஸ்வீடனின் காடுகளுக்குள் போகப் போக ஊர்கள் குறைந்தன. பெட்ரோல் அடிக்கிற இடமே சாப்பிடுகிற இடமும் ஆனது. லொறிக்காரர்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கும் சொசேஜும் மென்மையான ரொட்டியில் சுருட்டித் தின்றார்கள். ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்தால் திரும்பத் திரும்பக் கோப்பி ஊற்றிக் குடிக்கலாம் என்பதை அப்பா முதலில் நம்பவில்லை. சுவிஸில் குழாய்த் தண்ணீருக்கே கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர், கடைக்காரப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பின்லாந்தில் தகரக் கூரைக் கடையொன்றில் பால்விட்ட மீன் சூப் குடித்தோம். இன்னொரு கடையில் பனிமான் இறைச்சி கொடுத்தார்கள். சாப்பிடலாமா என்று அம்மா தயங்க, அப்பா நன்றாக யோசித்து, "மான் எண்டால் குற்றமில்லை," என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கடைகள் எதிலும் சோறு இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அப்பா எங்களை அழைத்துப்போனது பெரியம்மாவிடம் மட்டுமல்ல, அம்மா மறுக்க வேண்டியது எதுவுமே மேசைக்கு வராத ஓர் ஊருக்கும்தான். எல்லோர் தட்டிலும் ஒரே கிழங்கு. போதாததற்கு, சூரியன் மறையாத அந்த வெளிச்சத்தில் எது மத்தியானம், எது இரவு என்று யாருக்கும் தெரியாததால், "பிறகு" என்று தள்ளிப்போடவும் அம்மாவால் முடியவில்லை. ஸ்வீடனில் கோப்பி மட்டும் குடித்தவர் பின்லாந்தில் அரைக் கிண்ணம் சூப் குடித்தார். ஏலக்காய் வாஃபலில் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, மற்றதையும் கிள்ளினார். அப்பா ஒன்றும் பார்க்காதவர்போல வெளியே போய்க் காரின் கண்ணாடியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பெரியம்மாவுக்கு அன்று வேலை. இடைவேளையில் சந்திக்கலாம் என்று நேராகத் துறைமுகத்திலிருந்த தொழிலாளர் "கன்ரீனுக்கு"ப் போனோம். வெள்ளைத் தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக வந்த பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவைப் போலவே அவரும் மெலிந்திருந்தார். சுவிஸிலிருந்து விருந்தாளிகள் வருவதைக் கேள்விப்பட்டிருந்த கன்ரீன்காரி, நல்ல உயரமான பெண்மணி, முகமெல்லாம் சிரிப்பாக எங்களுக்கென்றே விசேஷமாகச் சமைத்ததைக் கொண்டுவந்து வைத்தார். குழைந்த வெள்ளைச் சோறு, மேலே பொரித்த மீன்.

நான் அந்த நொடியே கையை வைத்துவிட்டேன். அம்மா தன் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவின் தட்டைப் பார்த்தார். அதிலும் மீன் மட்டும்தான் கிள்ளப்பட்டிருந்தது. சோறு வைத்தபடியே இருந்தது.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டார் அம்மா.

"வைகாசி தொடக்கம்," என்றார் பெரியம்மா.

"அப்ப அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி?"

"இஞ்சை எங்கையடி கத்தரிக்காய்?"

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள், சிரிப்பு நடுவில் அழுகையானது. தான் ஆசையாகச் சமைத்த சோற்றை இரண்டு பேர் தொடவே இல்லை என்பதைக் கன்ரீன்காரி பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, முகம் சுருக்கவுமில்லை. இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனவர், அவித்த கிழங்கும் மீனும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்து, பெரியம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அப்பாவும் நானும் குனிந்த தலை நிமிராமல் சோறு தின்றோம். தட்டை வழித்து முடித்த அம்மா, "கிழங்கு இன்னும் இருக்கோ எண்டு கேளுங்கோ, அக்கா," என்றார். பசி வந்துவிட்டது. அம்மா பிழைத்தார்.

இப்போது நான் சுவிஸிலேயே டீட்டிகோன் என்ற ஊரில் இருக்கிறேன். சென்ற கோடையில் அதே சாலையில் போனேன். ஏலக்காய் மணத்த கடை இருந்த இடத்தில் பம்ப் மட்டும் நிற்கிறது, அட்டையைச் சொருகினால் பெட்ரோல் வரும், மனிதர் வரமாட்டார். மீன் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, கன்ரீனும் இல்லை. பெரியம்மா ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். அந்தக் கன்ரீன்காரி எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்த நன்றியை இங்கே எழுதுகிறேன். காரணம் கேட்காமல் சாப்பாடு போடுகிறவர்களை அதற்குப் பிறகு நான் அதிகம் கண்டதில்லை.

மாமாவின் குரல் இன்றுவரை வரவில்லை. அம்மா இன்றுவரை சோறு தொட்டதில்லை. துருவிய கிழங்கில் கறிவேப்பிலை போட்டு அவர் சுடும் ரோஷ்டிக்கு முதியோர் இல்லத்தில் பெரிய பெயர். ஞாயிறு மத்தியானங்களில் கைபேசியைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைப்பார், திரையில் பெரியம்மா வருவார்.

"என்ன கறி?"

"கிழங்குதான். உங்கை?"

"இஞ்சையும் கிழங்குதான்."

பிறகு இரண்டு பேரும் போனை வைக்காமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.