வெட்டிய ஓரத்தில் நின்றவர்

ஐயா, அல்லது அம்மையீர்,

இந்தப் பன்னிரண்டு படங்களும் தங்கள் கைக்கு எவ்வழியில் வந்தன என்பதை நான் அறியேன். என் பிள்ளைகள் விற்றிருக்கலாம். ஏலத்தில் தாங்களே எடுத்திருக்கலாம். எவ்வாறாயினும் பன்னிரண்டாவது படத்தைப் பற்றித் தங்களிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. அதில் ஒரு நடிகர் திரையரங்கின் படிக்கட்டில் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் ஒரு குடை. குடையைப் பிடித்திருக்கும் கை, மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. அது படம் எடுத்தவரின் பிழையன்று. அந்த இடத்தில் வெட்டியவன் நான்.

நான் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பெற்றோர் பால்மரம் சீவினார்கள். என் பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பதினேழு வயதில் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தேன். காகிதம் வெட்டும் இயந்திரம் என் பொறுப்பு. திருமண அழைப்பிதழ்களும் கருமக்கிரியை அறிவிப்புகளும் கோயில் திருவிழாத் துண்டறிக்கைகளும் என் கத்தியின் கீழ் வந்து அளவாகிப் போயின. இன்று நான் எழுதும் தமிழ் அவற்றை வெட்டும்போது வாசித்துக் கற்றதே. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும். தாள் என்றால் அதற்கு வேண்டாத ஓரம் ஒன்று இருந்தே தீரும் என்பது அத்தொழில் எனக்குக் கொடுத்த எண்ணம். அது தவறான எண்ணம் என்று அறிவதற்கு எனக்கு எழுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பின்னரே படங்களைச் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு திரைப்படம் வெளிவருமுன் அதன் நாயகரைப் படம் பிடித்து, பளபளக்கும் கறுப்பு வெள்ளைப் பிரதிகளாக ஊர் ஊராகத் திரையரங்குகளுக்கு அனுப்புவார்கள். அரங்க வாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவை தொங்கும். ஈப்போவின் பழைய அரங்குகள் மூடப்பட்டு, மரச்சாமான் கடைகளாகவும் வாகனம் நிறுத்தும் இடங்களாகவும் ஆனபோது, அவற்றின் சாமான் அறைகளில் கிடந்தவை ஏலத்துக்கு வந்தன. நான் ஒரே ஒரு நடிகரின் படங்களை மட்டும் எடுத்தேன். ஒரே அளவில் பன்னிரண்டு சட்டங்கள் செய்வித்து, புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டினேன். பதினொன்று நிறைந்தன. கடைசிச் சட்டம் இரண்டு ஆண்டுகள் வெறுமையாகத் தொங்கியது.

"எனக்கு ஒரு போட்டோ மாட்ட இந்த வீட்டுல ஆணி இல்ல. அவருக்குப் பன்னெண்டு ஆணி. அதுல ஒன்னு சும்மா வேற கெடக்கு" என்று என் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள்.

ஏலம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய கடைவீடு ஒன்றில் நடக்கும். நடத்துபவர் ஒரு சீனர். எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றே அழைப்போம். வழக்கமாக வருவோர் இருபது பேர் இருப்போம். எங்களுக்குள் எழுதாத ஏற்பாடு ஒன்று உண்டு. பழைய நாணயம் வந்தால் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற என் நண்பர் எடுப்பார்; மற்றவர் கை தூக்க மாட்டார்கள். பீங்கான் கோப்பைக்கு ஒருவர், சைக்கிள் விளக்குக்கு ஒருவர். அந்த நடிகரின் படம் வந்தால் அது என்னுடையது. இவ்வேற்பாட்டினால் பொருள் மலிவாகக் கிடைத்தது என்பது உண்மை. அதைவிட, கை தூக்கியதும் சபை அடங்குவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பது மேலும் உண்மை.

இடிக்கப்படவிருந்த ஓர் அரங்கின் சாமான்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, குடைப் படம் மேசைக்கு வந்தது. அந்த நடிகர் ஈப்போவுக்கே வந்திருந்தபோது எடுத்த விளம்பரப் படம். நான் கை தூக்கினேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். ஐம்பது வயது இருக்கும், புதியவர்.

"யாருலா அது, அண்ணன் ஏரியாவுல கை வைக்கிறது?" என்றார் நாணய நண்பர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பெண் சிரிக்கவில்லை, மீண்டும் கை தூக்கினார். நான் திரும்பிப் பாராமலே விலையை ஏற்றினேன். ஐந்தாறு முறை இப்படி நடந்தது. அவர் தம் கைப்பையைத் திறந்து உள்ளே பார்ப்பதைக் கண்ட நண்பர் என் விலாவில் இடித்து, "முடிஞ்சுச்சு அண்ணே, ஆளு காலி" என்றார். தவுக்கே தமக்குத் தெரிந்த தமிழில், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தட்டினார். படம் உறைக்குள் என்னிடம் வந்தது.

அடுத்த பொருள் மேசைக்கு வருமுன் அப்பெண் என் நாற்காலியருகே வந்து குனிந்தார்.

"அண்ணே, அந்தப் படத்த போன்ல ஒன்னு புடிச்சுக்கிறேண்ணே. கையால தொடக்கூட மாட்டேன்."

"முடியாதும்மா. இன்னிக்கு போன்ல புடிச்சா, நாளைக்கு ஊரெல்லாம் சுத்தும். அப்புறம் நான் எடுத்ததுக்கு என்ன மரியாத?"

"யாருக்கும் அனுப்ப மாட்டேண்ணே, சத்தியமா. அதுல எங்க..."

"அடுத்தது ஆரம்பிச்சிட்டாங்கம்மா" என்று நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன்.

அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். 'அதுல எங்க' என்பதற்குப் பின் என்ன வரும் என்று கேட்க எனக்கு ஒரு மூச்சு நேரம் போதுமாயிருந்தது. அந்த ஒரு மூச்சை நான் செலவிடவில்லை.

மறுநாள் படத்தை என் பழைய அச்சகத்துக்குக் கொண்டு சென்றேன். மற்றப் பதினொன்றும் நெடுக்கு. இது அகலவாட்டில் எடுத்தது; என் சட்டத்தில் அடங்காது. முதலாளியின் மகன் என் மேல் மதிப்பு வைத்திருந்தபடியால் இயந்திரத்தைத் தந்தார். வலப்பக்கம் ஒரு போலீஸ்காரரும் ஒரு கார்க் கதவும் இருந்தன, வெட்டினேன். இடப்பக்கம் குடை பிடித்தவர், வெட்டினேன். நடிகர் நடுவில் அமைந்தார். கத்தி இறங்கிய கோடு ஒரு மயிரிழைகூடச் சாயவில்லை என்று மனம் நிறைந்து, துண்டுகளைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பதினொரு நாள் கழித்து எங்கள் வீட்டு முன்னால் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. ஏலத்தில் கண்ட பெண் இறங்கினார். சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவராம். நாணய நண்பரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். என் மனைவி உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். அவளிடம்தான் அவர் விவரத்தைச் சொன்னார். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டார்.

"அக்கா, குடை புடிச்சிருந்தாரே, அவருதான் எங்கப்பா. அந்தத் தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சவரு. நான் அம்மா வயித்துல ஆறு மாசம் இருக்கும்போதே போயிட்டாரு. கல்யாணப் போட்டோவ கரையான் தின்னுடுச்சு. அடையாளக் கார்டு ஐ.சி.யயும் அவரு செத்தப்பவே ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. அவரு மூஞ்சிய நான் பாத்ததே இல்லக்கா. ஏலத்துலயும் தூரத்துலேர்ந்து குடைதான் தெரிஞ்சுச்சு. இந்தப் படம் ரெண்டு மாசம் தியேட்டர் கண்ணாடிக்குள்ள தொங்குச்சுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

எழுந்து சுவரிலிருந்து பன்னிரண்டாவது சட்டத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் நடிகரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். குடைக்காம்பின் வழியே கண்ணை இறக்கி, கையில் வந்து நின்றார். பிறகு சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார், அதற்கடியில் படம் மீதம் இருக்கும் என்பது போல.

"அப்பா எங்கண்ணே?"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கு எழுதப் போவதில்லை.

மூவரும் அந்த வேனிலேயே அச்சகத்துக்கு ஓடினோம். கழிவுப் பெட்டி புதுத் துண்டுகளால் பாதி நிறைந்திருந்தது. இரண்டு கைகளாலும் அள்ளித் தரையில் கொட்டிப் பார்த்தேன். முதலாளியின் மகன், "பழைய பேப்பர் லோரி போன வெள்ளிக்கிழமையே ஏத்திட்டுப் போயிடுச்சே. முக்கியமானதா அண்ணே?" என்றார். ஏலத்துக்கு முன் படம் பிடித்து வைத்தாரா என்று தவுக்கேயிடம் கைப்பேசியில் கேட்டேன். அவர் அந்தப் படக் கட்டு முழுவதையும் ஒன்றாக வைத்துத்தான் எடுத்திருந்தார். மேலே இருந்தது வேறொரு படம்.

திரும்பும்போது சற்றுத் தூரத்தில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார்.

"சரிண்ணே, போனது போயிடுச்சு. நீங்க கையில வச்சுப் பாத்திருக்கீங்கல்ல? எப்படி இருந்தாரு, சொல்லுங்க. நான் போயி அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

ஐயா, அந்த நடிகரின் சட்டைப் பொத்தான் ஒன்று மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்ததை நான் அறிவேன். படத்தின் மேல் மூலையில் ஒரு நகக்கீறல் இருந்தது. அதன் நீளத்தையும் அறிவேன். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்திருக்கிறேன். ஆனால் குடை பிடித்தவரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கத்தியை வைக்க வேண்டிய இடமாகவே அவரைப் பார்த்தேன். என் நினைவில் அங்கே ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நல்ல உசரம்மா. உங்க சாயல்தான், அப்படியே" என்றேன்.

அவர் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் என்னை இன்றளவும் விடாமல் தொடர்கிறது.

"அப்பா கட்டையா இருப்பாருண்ணே. எட்டாம ரெண்டாவது படியில ஏறி நின்னுதான் குடை புடிச்சாருன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"இவரு எதையும் பாக்கலம்மா. நடிகனோட மூக்கத்தான் பாத்திருப்பாரு" என்றாள் பின்னிருக்கையிலிருந்து என் மனைவி.

"ஆமாம்மா. நான் பாக்கல" என்றேன். அவ்வளவே என்னால் இயன்றது.

படத்தைச் சட்டத்தோடு அவருக்குக் கொடுத்தேன். மறுத்துவிட்டார். "யாரோ ஒரு நடிகர அம்மா மூஞ்சிக்கு முன்னாடி மாட்டி என்னண்ணே செய்யிறது?" என்றார். அந்தக் கையை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டார். நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறது என்று என் மனைவியிடம் காட்டினார். பிள்ளைகளை ஏற்றும் நேரமாகிவிட்டதென்று புறப்பட்டுப் போனார்.

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விளம்பரப் படம் ஒரே ஒரு பிரதியாக அச்சிடப்படுவதில்லை. பல அரங்குகளுக்குப் போயிருக்கும். எனவே இன்னொரு பிரதி எங்காவது இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். பினாங்கு ஏலங்களுக்குச் சென்றேன். சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதிக் கேட்டேன். 'அண்ணனுக்கு இப்போ குடை வியாபாரம்' என்று நாணய நண்பர் குழுவில் போட்டதற்குப் பலரும் சிரித்தார்கள். ஒருவரும் படம் அனுப்பவில்லை. சிலிம் ரிவர் ஊர்த் திரையரங்கில் படம் ஓட்டிய ஒருவர் காலமான பின், அவர் பெட்டியிலிருந்த படங்கள் அனைத்தையும் எடுத்தேன். அவற்றுள் ஒன்றில் அதே படிக்கட்டு இருந்தது. அதே நடிகர், அதே நாள். ஓரத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அதைக் கைப்பேசியில் எடுத்து அப்பெண்ணுக்கு அனுப்பினேன். மாலையில் குரற்பதிவு வந்தது.

"அண்ணே, அம்மாகிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. இது அவரில்ல, அவரு இவ்வளவு நல்ல சட்டை போட்டதே இல்லன்னுட்டாங்க. பரவால்ல விடுங்கண்ணே. சாப்டீங்களா?"

அவருடைய தாயார் சென்ற ஆண்டு மறைந்தார். அந்த முகத்தைக் கண்டு, 'இவர்தான்' என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. இனி முழுப்படம் கிடைத்தாலும், அப்பெண் தாமே பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆயினும் பார்க்க வேண்டும் என்கிறார். நானும் தேடுகிறேன். என் கண்பார்வை முன்போல் இல்லை; ஏலத்துக்கு என்னை அழைத்துச் செல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது.

தங்களுக்கும் இவ்வித ஆர்வம் இருப்பதனால்தான் இப்படங்கள் தங்களிடம் வந்திருக்கும். என்றேனும் குடைப் படத்தின் முழுப் பிரதி தங்கள் கண்ணில் படக்கூடும். படத்தின் இடப்பக்கம், இரண்டாவது படியில் நிற்கும் குட்டையான மனிதர் அவர். அப்பெண்ணின் விலாசம் உறைக்குள் தனித்தாளில் இருக்கிறது. பன்னிரண்டாவது சட்டத்தின் பின்புறம் இந்த உறையை ஒட்டியிருக்கிறேன். படத்தை விற்றாலும், பிறருக்குக் கொடுத்தாலும், சட்டத்தை மாற்றினாலும், இதைப் பிரித்து எறியாமல் படத்தோடு வைத்திருக்க வேண்டுமெனத் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.